பழவேற்காட்டுக்கு மங்களாஜோடி மருந்தா?

பழவேற்காடு ஏரியைப் பற்றிப் பேசுகிற கட்டுரை, கருத்தரங்கு, திட்ட அறிக்கை எதை எடுத்தாலும் முடிவில் ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது: 'சூழல் சுற்றுலா மூலம் மீனவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம்.' அதற்கு ஆதாரமாக ஒடிசாவின் மங்களாஜோடியைக் காட்டுவார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு, வேற யாரோ எழுதின கோடை அப்படியே காப்பி பண்ணி நம்ம சர்வர்ல ஓட்டுற மாதிரி ஒரு நெருடல் வரும். அந்த நெருடல் நியாயமானதுதானா என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

மங்களாஜோடியின் கதை உண்மையிலேயே பெரிய கதை. சிலிகா ஏரியின் வடகரையில் இருக்கும் கிராமம். வலசை வரும் வாத்துகளையும் உள்ளான்களையும் வேட்டையாடி விற்பது அங்கே பலருக்குத் தொழில். 'வைல்டு ஒரிசா' அமைப்பினர் அவர்களிடம் தொடர்ந்து பேசி, 2000-ல் வேட்டைக்காரர்களையே கொண்டு ஒரு பறவைப் பாதுகாப்புக் குழு அமைத்தார்கள். அதே ஆட்கள் இன்று படகில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போய்ப் பறவை காட்டுகிறார்கள். 2018-ல் ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

ஆனால் அங்கே எதற்கு மாற்றாக எது வந்தது என்று கேட்க வேண்டும். வேட்டைக்கு மாற்றாகச் சுற்றுலா வந்தது. மீன்பிடிப்புக்கு மாற்றாக அல்ல. பழவேற்காட்டு மீனவர் பூநாரையை வேட்டையாடிப் பிழைப்பவர் இல்லை. அவர் எதை விட்டுவிட்டு இதற்கு வரவேண்டும்? வலையையா?

இடமும் வேறு. மங்களாஜோடியில் இருப்பது நாணல் அடர்ந்த ஆழமில்லாத சதுப்பு. கழி ஊன்றித் தள்ளும் சின்னப் படகு போதும், சத்தமில்லாமல் பறவையை நெருங்கிவிடலாம். பழவேற்காடு திறந்த உப்பங்கழி. பூநாரைகள் எங்கோ தூரத்தில், சேறும் தண்ணீருமாக இருக்கும் திட்டுகளில், அலகைத் தலைகீழாக வைத்து மேய்ந்துகொண்டிருக்கும். மோட்டார் படகு கிட்டப் போனால் கூட்டமே கிளம்பிவிடும். நமக்கு அது நல்ல போட்டோ. பறவைக்கோ மேய்கிற நேரமும் உடம்பில் சேர்த்த சக்தியும் வீண்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பறவை சீசன் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, 120 நாள். சென்னையிலிருந்து கூட்டம் வருவது சனி, ஞாயிறுதான். 17 வாரம் என்று வைத்தால் 34 நாள். மீதி 331 நாளுக்கு அடுப்பு எரிய வேண்டுமே! அதற்கு ஏரிக்குள்தான் இறங்கணும். ஆக இதைக் 'கூடுதல் வருமானம்' என்று சொல்லலாம், 'மாற்று வாழ்வாதாரம்' என்று சொல்ல முடியாது. ஒரு சொல்தானே என்று தோன்றலாம். ஆனால் 'மாற்று' என்று எழுதிவிட்டால், அடுத்த அறிக்கையில் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தலாம் என்று எழுத வழி பிறந்துவிடுகிறது.

இன்னொன்று, சுற்றுலா பழவேற்காட்டுக்குப் புதிது இல்லை. மீனவர்கள் தாங்களாகவே ஆட்களை ஏற்றிப்போய்ச் சம்பாதித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2011 டிசம்பர் 25 அன்று அப்படிப் போன படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு படகு சவாரிக்குத் தடை வந்தது. மங்களாஜோடியைப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள், இந்த ஊரிலேயே நடந்த இதை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் தாண்டிப் போவதுதான் எனக்குப் புரியவே இல்லை. உயிர்காப்பு அங்கி, ஆள் கணக்கு, முகத்துவாரப் பக்கம் போகக்கூடாத எல்லை, விபத்து நடந்தால் யார் பொறுப்பு: இதையெல்லாம் எழுதாத சுற்றுலாத் திட்டத்தைத் திட்டம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த கேள்வி, 'மீனவர்' என்றால் யார்? ஏரியில் 'பாடு' என்ற முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். சண்டையைக் குறைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் பாட்டு உரிமை பரம்பரை மீனவக் குப்பங்களுக்கு மட்டும்தான். இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அதில் பங்கு கிடையாது. நாளைக்குப் படகு உரிமம் கொடுத்தால் அது படகு இருப்பவருக்குத்தான் போகும். படகே இல்லாதவருக்கு என்ன என்பதற்கு 'உள்ளூர் மக்கள்' என்ற பொதுச்சொல்லில் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. சிலிகாவில் 2000-ல் இன்னொன்றும் நடந்தது. மண் தூர்ந்து கடலோடு தொடர்பு குறைந்துபோன ஏரிக்கு, செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்பாடு பல மடங்கு கூடியது. ஆபத்திலிருக்கும் ராம்சார் தலங்களின் பட்டியலிலிருந்து 2002-ல் சிலிகா வெளியே வந்தது. புதிய முகத்துவாரத்தால் எல்லோருக்கும் நன்மை என்று சொல்ல முடியாது, அங்கேயும் புகார்கள் உண்டு. ஆனாலும் ஏரியின் உடம்பு தேறியதில் அதற்குப் பங்கு பெரிது. நாம் அங்கிருந்து படகையும் பைனாகுலரையும் மட்டும் எடுத்துக்கொண்டு, தண்ணீரை விட்டுவிட்டோம்.

பழவேற்காட்டு மீனவர்கள் பல வருஷமாகக் கேட்பதும் அதைத்தான்: முகத்துவாரம் மூடாமல் இருக்கணும். கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வர அதுதான் வழி. அந்தத் தண்ணீர் ஏறி இறங்கினால்தான் சேற்றில் பூச்சியும் புழுவும் இருக்கும், உள்ளானுக்குத் தீனி கிடைக்கும். வலைக்காரருக்கும் பறவைக்கும் பொதுவான சொத்து அந்த ஏற்றவற்றம்தான்.

சுற்றுலா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொஞ்சம் படகு, கண்டிப்பான விதி, கரையிலிருந்து பார்க்க ஒரு நல்ல கோபுரம், வருமானத்தில் இருளர் குடும்பங்களுக்கும் ஒரு பங்கு என்று ஆரம்பிக்கட்டும். ஆனால் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் முகத்துவாரம் வரட்டும். சுற்றுலா கடைசிப் பக்கத்திலேயே இருக்கட்டும், 'மாற்று' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டு.