சித்திரையில் தோண்டும் குழி

"நாப்பது வருசமா நிக்கிற கடக்கால். இதுக்கு மேல என்னத்தப் பாக்கணும்?" கூத்தாநல்லூரில் கொல்லைத் தாழ்வாரத்தைப் பிரித்துவிட்டு அந்த இடத்தில் கான்கிரீட் அறை எடுக்கும் வீடுகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். சொல்பவர் கொத்தனார், ஆமோதிப்பவர் வீட்டுக்காரர். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் ஓட்டையும் தகரத்தையும் பிய்த்தெறிந்ததைப் பார்த்தவர்களுக்குத் தளம் போட்ட அறைமேல் ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையைக் குறை சொல்ல மாட்டேன்.

கொத்தனார் பார்ப்பதே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சுவரோரம் ஒரு குழி தோண்டுகிறார், கடப்பாரையைப் போட்டுப் பார்க்கிறார், செங்கல்லைச் சுரண்டிப் பார்க்கிறார். எந்தத் தெரு குட்டையைத் தூர்த்துக் கட்டியது என்பதும் அவருக்கு அத்துப்படி. செலவில்லாத சோதனை, அரை நாளில் முடிந்துவிடும். 2024 ஜூலையில் வந்த சுயசான்று அனுமதி, 2,500 சதுர அடி மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவர்களின் அலைச்சலைக் குறைத்திருக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் கடைக்காலைக் குனிந்து பார்ப்பது அந்த அனுமதியின் வேலையல்ல. ஆகவே எல்லாப் பொறுப்பும் அந்த ஒற்றைக் குழியின் தலையில்தான் விழுகிறது.

அந்தக் குழியை நாம் எப்போது தோண்டுகிறோம்? பங்குனியில், சித்திரையில். சம்பா அறுவடை முடிந்து ஆள் கிடைக்கும் காலம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் விடுமுறையில் இருக்கும் காலம். வெண்ணாற்றுப் பாசனத்துக் களிமண் அந்த மாதங்களில் கருங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கடப்பாரை இறங்காது. "கெட்டி மண்ணுங்க" என்கிறார் கொத்தனார். வரப்போரம் போய்ப் பாருங்கள், அதே மண் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். காய்ந்து சுருங்கியதால் வந்த கெட்டி அது. ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஐப்பசி அடைமழையும் பிடித்துக்கொண்டால் இதே மண் நீரைக் குடித்து உப்பும், சுவரைத் தூக்கும். மறு கோடையில் சுருங்கிக் கீழே விடும். மண் பாரம் தாங்குமா என்பதற்குத்தான் கடப்பாரை பதில் சொல்கிறது, அதுவும் சித்திரை மாதத்துப் பதில். மண் அசையுமா என்ற கேள்வியை யாருமே கேட்பதில்லை.

அசைவு அதிகம் இருக்கும் இடமே கொல்லைதான். நடுவீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணை வீடே மூடி வைத்திருப்பதால் அதன் ஈரம் அவ்வளவாக மாறுவதில்லை. ஓரத்து மண் மாறி மாறி நனைகிறது, காய்கிறது. போதாததற்குக் குளியலறைத் தண்ணீர், உறைகிணற்றுக் கசிவு, தென்னை வேர். நாற்பது வருடம் நின்றதாகச் சொல்கிறார்களே, அந்தத் தாழ்வாரம் வருடா வருடம் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஓடும் மரச்சட்டமும் கூடவே வளைந்து கொடுத்தன. விலகிய ஓட்டை ஆடியில் மாற்றிப் போட்டோம், அதோடு மறந்தோம். பன்னிரண்டுக்குப் பத்தடி அறைக்கு ஐந்து அங்குலத் தளம் போட்டால் தளம் மட்டுமே ஏறக்குறைய மூன்றரை டன். அதை அதே இரண்டடிக் கடைக்காலில் ஏற்றி, பழைய சுவரில் பல் விட்டுப் புதுச் சுவரையும் பிணைத்துவிடுகிறோம். அது வளைந்து கொடுக்காது. வெடிக்கும்.

என் உறவினர் வீட்டில் வெடித்தது. அலமாரிக்கு மேலே சாய்வாக ஓடிய கீறலில் சித்திரையில் ஐந்து ரூபாய் நாணயம் நுழைந்தது. கார்த்திகையில் நகம்கூட நுழையவில்லை. சிமெண்டு வைத்துப் பூசினார்கள், மறு கோடையில் பக்கத்திலேயே பிளந்தது. தரைக்கு இழைத்த கிரானைட்டின் விலையில் பாதியைக் கடைக்காலுக்குக் கொடுத்திருந்தால் போதும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். மண்ணைப் பார்க்க வழியே இல்லை என்றால் பேசாமல் இருந்துவிடலாம். வழி இருக்கிறது, எளிய வழி. உலர்ந்த மண்ணைப் பொடித்துச் சலித்து, பத்து பத்து கிராமாக இரண்டு அளவுக் குழாய்களில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய், 100 மில்லி வரை. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் மண்ணெண்ணெயில் கிடக்கும் களி உப்பியிருக்காது. தண்ணீரில் கிடப்பது அதைவிட எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. பாதிக்கு மேல் உயர்ந்திருந்தால் பழைய கடைக்காலை நம்பக் கூடாது. புது அறைக்குத் தனிக் கடைக்கால் வேண்டும், பழைய சுவருக்கும் புதுச் சுவருக்கும் இடையே இடைவெளி விட வேண்டும். இப்படிப்பட்ட மண்ணுக்காகவே அடியில் குமிழ்போல் விரியும் குத்துத்தூணை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்தது. ஆழமான களியில் அது மூன்றரை மீட்டராவது இறங்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. நாம் இரண்டடியில் நின்றுகொண்டு அனுபவம் பேசுகிறோம்.

போன பங்குனியில் எங்கள் தெருவில் இன்னொரு தாழ்வாரம் பிரிந்தது. குழியருகே நின்ற கொத்தனாரிடம், "ஐப்பசியில ஒரு தடவ தோண்டிப் பாத்துட்டுக் கட்டலாமே அண்ணே" என்றேன்.

"அப்பத் தோண்டுனா தண்ணி ஊறிக்கும் தம்பி, குழியே நிக்காது" என்றார்.