கதையைச் சொன்னால் படத்தைச் சொன்னதாகுமா?

உலகப் படங்களைப் பற்றித் தமிழில் எழுதும் ரசிகர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. முதல் காட்சியில் தொடங்கிக் கடைசிக் காட்சி வரை கதையைச் சொல்கிறார்கள். நடுநடுவே மனம் கனத்தது, கண் கலங்கியது என்று எழுதுகிறார்கள். இயக்குநர் பிறந்த ஊரையும் வாங்கிய விருதுகளையும் சொல்லி முடிக்கிறார்கள். ஓசுவுக்கும் இதே வடிவம், பிரெஸ்ஸோனுக்கும் இதே வடிவம், கியரோஸ்தமிக்கும் இதே வடிவம். இந்த எழுத்தைப் படித்து வளர்ந்தவன் நான். அதற்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். அந்த நன்றியோடுதான் அது வாசகனை எங்கே கைவிடுகிறது என்று பார்க்க விரும்புகிறேன்.

கதை சொல்லும் வழக்கம் சோம்பலால் வந்ததில்லை. படம் கைக்கு எட்டாத காலத்தில் அது பிறந்தது. திரைப்படச் சங்கங்கள் பெருநகரங்களில்தான் உயிரோடு இருந்தன. தூதரகத்திலிருந்தோ புனே ஆவணக் காப்பகத்திலிருந்தோ படச்சுருள் வரும். ஒரு மாலை ஓடும். பெட்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். அந்த மாலை அந்த அரங்கில் இல்லாதவருக்குப் படம் இல்லை. பார்த்தவர் வந்து சொன்னால்தான் உண்டு. அம்ஷன் குமாரின் ‘சினிமா ரசனை’, ‘நிழல்’ போன்ற இதழ்கள், பின்னர் ஆனந்த விகடனில் செழியன் எழுதிய ‘உலக சினிமா’ தொடர் எல்லாம் அந்த இடைவெளியை வெவ்வேறு விதமாக நிரப்பின. ஒளிப்பதிவாளரான செழியன் வெகுஜன வார இதழில் அயல்நாட்டுப் படங்களைக் காட்சி காட்சியாக எழுத, சிற்றூர்களில் இருந்தவர்களும் ஓசு, கியரோஸ்தமி என்ற பெயர்களைப் பழகிக்கொண்டார்கள். படம் பார்க்க வாய்ப்பில்லாதவருக்கு அதன் கதையாவது கிடைக்கட்டும் என்று நினைத்ததில் பெரிய மனது இருந்தது.

இன்று நிலைமை வேறு. ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் பார்க்க யாருடைய தயவும் வேண்டாம். ஆனாலும் எழுத்து அதே தடத்தில்தான் ஓடுகிறது. அதனால் என்ன இழப்பு என்பதை அந்தப் படத்தை வைத்தே சொல்லலாம்.

1953இல் வந்த இந்தப் படத்தின் கதையை நான்கு வரியில் அடக்கிவிடலாம். ஓனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோ மட்டும் அன்போடு கவனித்துக்கொள்கிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துபோகிறாள். இப்படிச் சொன்னதுமே நம் மனம் அதைப் பழக்கமான ஒரு கூண்டில் அடைத்துவிடுகிறது: நன்றிகெட்ட பிள்ளைகள், பரிதவிக்கும் பெற்றோர், பார்ப்பவருக்கு ஒரு பாடம். தமிழில் நான் வாசித்த ‘டோக்கியோ ஸ்டோரி’ குறிப்புகள் பலவும் பெற்றோரைக் கைவிடாதீர்கள் என்ற அறிவுரையில்தான் போய் முடிகின்றன.

படமோ அப்படி யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. மூத்த மகன் பெரிய ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் அல்ல. நகரத்தின் ஓரத்தில் சிறிய கிளினிக் நடத்துபவன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வெளியே கிளம்பும் நேரத்தில் நோயாளி வீட்டிலிருந்து அழைப்பு வருகிறது. அவன் போகத்தான் வேண்டும். தகப்பன் முன்பெல்லாம் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்ததை மகள் இன்னும் மறக்கவில்லை. இந்தப் பெரியவரும் ஒரு காலத்தில் வீட்டாரைத் தவிக்கவிட்டவர் என்பது அப்படிப் போகிறபோக்கில் தெரியவருகிறது. தாயின் சாவுக்குப் பின் கடைசித் தங்கை அண்ணன் அக்காவின் சுயநலத்தைக் கண்டு கொதிக்கும்போது, நொரிகோ அவளோடு சேர்ந்து கொதிப்பதில்லை. பிள்ளைகள் வளர்ந்தால் விலகத்தான் செய்வார்கள், தானும் ஒருநாள் அப்படி ஆகிவிடக்கூடும் என்கிறாள். தங்கை வாழ்க்கை ஏமாற்றமானதுதானா என்று கேட்க, ஆமாம் என்று புன்னகையோடு சொல்கிறாள். கதைச் சுருக்கத்தால் அந்தப் புன்னகையைச் சொல்ல முடியாது. சொன்னால், அதுவரை தீட்டிய நல்லவள், கெட்டவர்கள் சித்திரம் கலைந்துவிடும்.

இன்னொன்று. அத்தாமி வெந்நீரூற்று விடுதியில் தூக்கமில்லாமல் ஓர் இரவைக் கழித்த தம்பதி, காலையில் கடல் தடுப்புச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள். எழும்போது கிழவி ஒரு கணம் தள்ளாடுகிறாள். ஒன்றுமில்லை என்று சமாளித்து நடக்கிறாள். ஓசு அதை நெருங்கிப்போய்க் காட்டுவதில்லை, இசையால் அடிக்கோடிடுவதில்லை. பார்வையாளன் கவனித்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஏறக்குறைய படம் முழுக்க அசையாமல் தரையோரமாக இருக்கும் கேமரா, தங்க இடமில்லாமல் இருவரும் உவேனோவில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுவரோரமாக மெல்ல நகர்கிறது. அசையாத கேமராவுக்குப் பழகிவிட்ட நமக்கு அந்தச் சிறு நகர்வு நெஞ்சில் இடிக்கிறது. அப்பாவாக நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது வயது ஐம்பதைத் தொடவில்லை. முதுகைக் குறுக்கி உட்காரும் விதத்திலேயே இருபது வயதைக் கூட்டிக்கொள்கிறார். ஒரு ரசிகன் இவற்றில் ஒன்றை மட்டும் எழுதினால்கூடப் படத்தின் ஒரு துண்டு வாசகனின் கைக்கு வந்துசேரும்.

என் முறையீடு இதுதான். ரசனைக் குறிப்பு தனிப்பட்டதாக இருக்கிறது, ஆய்வு முறை இல்லை என்று கல்வியாளர்கள் குறைசொல்வதுண்டு. எனக்கு அது போதிய அளவு தனிப்பட்டதாக இல்லை என்பதே குறை. கதை யார் சொன்னாலும் ஒன்றுதான். விருதுப் பட்டியலும் அப்படியே. எழுதியவருடைய கண்ணும் காதும் எங்கே நின்றன என்பது மட்டுமே அவருக்கே உரியது. அதைத்தான் அவர் எழுதாமல் விடுகிறார்.

கதை ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். பிரெஸ்ஸோனின் ‘பல்தஸார்’ 1966இல் வந்தது. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ 1977இல் வந்து, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. திரைக்கதையை எழுதியவர் விமர்சகர் வெங்கட் சாமிநாதன். இரண்டிலும் ஒரு கழுதை மனிதர் கையில் பட்டுச் சாகிறது. கதையை மட்டும் எழுதுபவர் இது அதன் தழுவல் என்று எழுதி நகர்ந்துவிடுவார். பிரெஸ்ஸோன் படத்தின் தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது ஷூபர்ட்டின் பியானோ இசை கேட்கிறது, நடுவில் அதை அறுத்துக்கொண்டு கழுதை கத்துகிறது, மறுபடி பியானோ. அழகையும் அருவருப்பையும் பிரித்துப்பார்க்க முடியாது என்பதைப் படம் ஓர் ஆளின் முகத்தைக் காட்டுமுன் காதுக்குள் போட்டுவிடுகிறது. பல்தஸார் எதையும் குறிப்பதில்லை. பார்க்கிறது, சுமக்கிறது, அடிபடுகிறது. ஜானின் கழுதை ஓர் ஊரைச் சோதிக்க வந்தது. அக்ரஹாரம் அதன்மேல் பழிசுமத்திக் கொல்கிறது. பிறகு அதற்கு அற்புதங்களை ஏற்றிக் கும்பிடத் தொடங்குகிறது. ஒன்று தியானம், மற்றது சாட்டை. இரண்டும் எனக்கு வேண்டும். ஆனால் இரண்டையும் கழுதைக் கதை என்ற ஒரே சொல்லில் கட்டினால் ஜானுக்கு அநியாயம். அவர் செய்தது இங்குள்ள சாதியின் முகத்துக்கு நேரே நின்று செய்த காரியம்.

இதே வகை அவசரம் ‘அந்த நாள்’ படத்தையும் விடவில்லை. எஸ். பாலச்சந்தர் 1954இல் பாடலே இல்லாமல் எடுத்த அந்தப் படத்தைப் பற்றிய குறிப்பு எதை எடுத்தாலும் ‘ரஷோமோன்’ என்ற பெயர் வந்துவிடும். பலரும் சாட்சி சொல்லும் அமைப்பு ஒன்றே என்பது உண்மை. ஆனால் ‘ரஷோமோ’னில் குரோசாவாவின் சாட்சிகள் ஒரே சம்பவத்தை ஒன்றுக்கொன்று முரணாகச் சொல்கிறார்கள். கடைசி வரை உண்மை எதுவென்று தெரிவதில்லை. பாலச்சந்தரின் சாட்சிகள் ஒருவர் இன்னொருவர் மேல் சந்தேகத்தைத் தள்ளிவிடுகிறார்கள்; முடிவில் கொலையாளி யார் என்று தெரிந்துவிடுகிறது. குரோசாவா அறியமுடியாமையை எடுத்தார். பாலச்சந்தர் போர்க்காலச் சென்னையில் தேசத்துரோகத்தையும் தாம்பத்தியத்தையும் மோதவிட்டார். படத்தைப் பார்த்து எழுதியவர் இதைத் தவறவிட வாய்ப்பில்லை. ‘ரஷோமோன்’ என்ற அந்த முத்திரை கேள்விஞானத்தில் வந்தது.

ஷந்தால் ஆக்கர்மானின் ‘ழான் தீல்மான்’ (1975) பற்றி இங்கே அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒரு விதவையின் மூன்று நாள், மூன்று மணி இருபது நிமிடம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு குழைந்துபோகிறது. உண்மையில் படம் அங்கேதான் உடைகிறது. கதைச் சுருக்கத்தில் உருளைக்கிழங்குக்கு இடம் கிடையாது, கடைசியில் நடக்கும் கொலைக்கு மட்டும் உண்டு. கொலையை முன்கூட்டியே சொல்லிவிட்ட குறிப்பு, அந்தக் கிழங்கைப் பார்த்துப் பதறும் வாய்ப்பை வாசகனிடமிருந்து பறித்துக்கொள்கிறது.

தனி ரசனை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு 1967இல் அமெரிக்காவில் ‘போனி அண்ட் க்ளைட்’ பட்ட பாடு நல்ல சான்று. நியூயார்க் டைம்ஸின் மூத்த விமர்சகர் பாஸ்லி க்ரௌத்தர் அந்தப் படத்தை வன்முறைக் கேலிக்கூத்தாகக் கருதித் திரும்பத் திரும்பத் தாக்கினார். பாலின் கேல் ‘தி நியூயார்க்கர்’ இதழில் நீண்ட கட்டுரை எழுதி அதைத் தூக்கி நிறுத்தினார். அவர் கட்டுரைக்குப் பலம் கொடுத்தது அரங்கில் தனக்கு என்ன நேர்ந்தது, பக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்ற கவனம். அதே ஆண்டு நியூஸ்வீக்கில் ஜோ மார்கன்ஸ்டர்ன் முதலில் படத்தைக் கண்டித்து எழுதினார். பொதுமக்களோடு மறுபடி உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரமே தன் கருத்தைத் திரும்பப் பெற்று அச்சிட்டார். திரை விமர்சன வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் செயல்களில் அது ஒன்று. மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ 1960இல் வெளியானபோது பிரிட்டிஷ் விமர்சகர்கள் அதைக் குதறினார்கள். பவலின் தொழில் வாழ்க்கையே முறிந்தது. அவர்களில் ஒருவரான டிலிஸ் பவல் தன் கருத்தை மாற்றிக்கொண்டு எழுத 1994 ஆயிற்று. இயக்குநர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாலின் கேல் ஒரு படத்தை ஒரு தரம்தான் பார்ப்பதை வழக்கமாக வைத்திருந்தவர். முதல் அனுபவத்தின் சூடு அப்போதுதான் கெடாமல் இருக்கும் என்பது அதன் நியாயம். அவர் உரைநடையின் துடிப்பு எனக்குப் பிடிக்கும். இந்தக் கொள்கையை என்னால் ஏற்க முடியவில்லை. ஒருமுறை பார்த்ததில் நினைவு நின்றவற்றை மட்டும் எழுதினால், எழுதுபவரின் மனநிலை எது, படத்தின் செயல் எது என்று பிரிக்க வழியில்லை. விமர்சகர் ரோஜர் ஈபர்ட் வேறு பாதையில் போனார். ஃபெலினியின் ‘லா டோல்ச்சே வீட்டா’வை ஏறத்தாழ பத்தாண்டுக்கொரு முறை பார்த்து எழுதினார். இளமையில் அந்தப் படத்தின் நாயகன் மார்செல்லோ அவருக்கு எட்டிப்பிடிக்க வேண்டிய ஆள். பிறகு தன்னைப் போன்றவன். வயது ஏறியதும் இரக்கத்துக்குரியவன். படம் அப்படியே இருந்தது, பார்த்தவர் மாறினார். தன்னைப் பற்றி எழுதியும் படத்தை விட்டு விலகாத எழுத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. தமிழில் ‘உதிரிப்பூக்கள்’ (1979) பற்றியோ ‘வீடு’ (1988) பற்றியோ இப்படி ஒருவர் எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்! சொந்த வீட்டுக் கனவு இல்லாத இருபது வயதில் பார்த்த ‘வீடு’ வேறு. கடன் தவணை கட்டும் வயதில், சிமெண்ட் மூட்டை காணாமல்போகும் காட்சியில் வயிறு கலங்கப் பார்க்கும் ‘வீடு’ வேறு.

எந்தப் பிரதியைப் பார்த்தோம், எதில் பார்த்தோம் என்பதையும் நம் குறிப்புகள் சொல்வதில்லை. பழைய படங்களில் இது அற்ப விஷயமல்ல. ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ 1927இல் வெளியாகிக் கொஞ்ச நாளிலேயே வெட்டப்பட்டது. காணாமல்போன பகுதிகளில் பெரும்பாலானவை 2008இல் புவனோஸ் அய்ரஸில் கிடைத்து, 2010இல் சீரமைத்த படம் வந்தது. அதற்கு முன் எழுதியவரும் பின் எழுதியவரும் ஒரே படத்தைப் பற்றி எழுதவில்லை. ழான் ரெனுவாரின் ‘ஆட்டத்தின் விதிகள்’ 1939இல் ரசிகர்களின் கோபத்துக்கு ஆளாகி வெட்டப்பட்டது. இன்று நாம் காண்பது 1959இல் திரும்ப ஒட்டிச் சேர்த்த வடிவம்.

ழாக் தாத்தியின் ‘ப்ளே டைம்’ (1967) இந்த விஷயத்தில் மிகக் கடுமையான சோதனை. 70 மி.மீ. படச்சுருளில், தனக்கென்று ஒரு நகரத்தையே கட்டி எடுத்த படம். அந்தச் செலவில் தாத்தி கடனாளியானார். அண்மைக் காட்சி என்று சொல்லத்தக்கது அதில் அநேகமாக இல்லை. புதிதாகத் திறந்த உணவகத்தின் நீண்ட காட்சியில், ஒரே சட்டகத்துக்குள் ஐந்தாறு இடங்களில் ஐந்தாறு வேடிக்கைகள் ஒரே சமயத்தில் நடக்கும். எதைப் பார்ப்பது என்று இயக்குநர் விரல் நீட்டுவதில்லை, சில நேரம் ஓர் ஓசை மட்டும் கண்ணை ஒரு மூலைக்கு இழுக்கும். இதைக் கைப்பேசியில் பார்த்து, கதையே இல்லை, எதுவும் நடக்கவில்லை என்று எழுதுகிறவர் தான் கண்டதைத்தான் எழுதுகிறார். அந்தத் திரையில் எதுவும் நடக்கவில்லை என்பது உண்மைதான். கைப்பேசியில் பார்த்தேன் என்று அவர் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் அந்தக் குறிப்பை நான் மதித்து வாசிப்பேன். பெரிய திரையில் பார்க்க வாய்த்தவர் உணவகத்தில் தன் கண் எந்த மேசையில் நின்றது என்று எழுதட்டும். அடுத்தவர் கண் வேறொரு மேசையில் நின்றிருக்கும், அவரும் எழுதட்டும்.