அடுப்பங்கரையும் அலைவரிசையும் – ஒரு திறனாய்வு

சமையலைப் பற்றித் தமிழர் எழுதத் தொடங்கியது நேற்று அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையில், நல்லியக்கோடன் பாணர்க்கு இட்ட விருந்து வீமன் செய்த மடைநூல் முறை தவறாமல் ஆக்கப்பட்டது என்று நத்தத்தனார் பாடுகிறார். மடைநூல் என்றால் சமையல் நூல். நூலைப் பார்த்துச் சமைக்கலாம் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே நம்மிடம் இருந்திருக்கிறது. இன்றைய பத்திரிகை, தொலைக்காட்சி, கைப்பேசி எல்லாம் அந்த மடைநூலின் பேரப்பிள்ளைகள்தாம்.

எனவே, "டிவி வந்துதான் சமையல் கெட்டுப்போச்சு" என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். என் கேள்வி வேறு. ஒரு சமையல் நூலோ நிகழ்ச்சியோ நமக்கு எதைக் கொடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது? இலக்கியத்தைத் திறனாய்வது போலச் சமையல் நூலையும் நிகழ்ச்சியையும் திறனாயலாம் என்பது என் கருத்து. நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். தாதரில் பருப்பும் மசாலாச் சாமானும் விற்கும் வணிகன். வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். கடை அடைத்த பிறகு படித்ததை வைத்துச் சொல்கிறேன்.

சிலம்பில் ஒரு சமையல்

சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில் வரும் சமையலைத் தமிழ் அன்பர் பலரும் அறிவர். மதுரைப் புறஞ்சேரியில் மாதரி வீட்டில் கண்ணகி சமைக்கிறாள். கோவலன் சாவக நோன்பி, அதாவது இல்லறத்தில் இருக்கும் சமணன். ஆகவே பகலிலேயே உணவு ஆக வேண்டும், அதற்கு ஏற்ற கலங்களைத் தாமதிக்காமல் கொடுங்கள் என்று மாதரி ஆய்ச்சியரிடம் சொல்கிறாள். அவர்கள் பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், சாலி அரிசி, பால்படு பொருள் எல்லாம் தருகிறார்கள். அந்தப் பட்டியலில் கிழங்கு ஒன்றுகூட இல்லை. காய் அரிந்து கண்ணகியின் விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. பிறகு வாழை இலையில் பரிமாறுகிறாள்.

இளங்கோவடிகள் அளவு சொல்லவில்லை. எத்தனை நிமிடம் வேகணும் என்றும் சொல்லவில்லை. ஆனால் யாருக்காக, எந்தப் பொழுதில், எந்தக் கலத்தில், எந்த நோன்பை மதித்து என்று சொல்லிவிட்டார். சமைத்தவள் கைபட்ட பாட்டையும் சொல்லிவிட்டார். இன்றைய நிகழ்ச்சிகள் இதற்கு நேர் எதிர். அளவும் நிமிடமும் உண்டு, மற்றது இல்லை.

அச்சில் ஏறிய சமையல்

நம் காலத்து மடைநூல் என்றால் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' தான். முதல் பாகம் 1951-இல் வந்தது. புக்ககம் போகும் பெண்ணுக்குச் சீரோடு அந்தப் புத்தகத்தையும் வைத்து அனுப்பிய குடும்பங்கள் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எத்தனையோ. பக்கத்தில் அம்மா இல்லாத பெண்ணுக்கு அந்த நூல் அம்மாவாக இருந்தது. அளவைத் திட்டமாகச் சொன்னது அதன் பெருமை. குறை என்று பார்த்தால், அது ஒரு சமூகத்தாரின் சமையல். வெளிமாநிலத்தில் அதுவே 'தமிழர் சமையல்' முழுமைக்கும் பெயராகிவிட்டது. அது அம்மையாரின் குற்றம் அல்ல. மற்ற சமூகத்தார் தங்கள் வீட்டுச் சமையலை எழுதி வைக்காததன் விளைவு.

தாய்மொழியில் எழுதிய சமையல் நூலுக்கு எவ்வளவு வலிமை என்பதற்கு ஐரோப்பாவின் செக் நாட்டைச் சான்று காட்டலாம். ஜெர்மன் மொழியே படித்தவர் மொழி என்று இருந்த காலத்தில், மக்டலேனா ரெட்டிகோவா என்ற அம்மையார் 1826-இல் செக் மொழியில் ஒரு வீட்டுச் சமையல் நூல் எழுதினார். இன்றும் அவரை அந்நாட்டு மொழி மறுமலர்ச்சியாளர் வரிசையில் வைத்துப் பேசுகிறார்கள். அதே நாட்டில் 2009 முதல் ஒரு சமையல் வல்லுநர் உணவகம் உணவகமாகப் போய்க் குறை சொல்லித் திருத்தும் தொலைக்காட்சித் தொடர் புகழ் பெற்றது. நூல் வீட்டுக்குச் சொன்னது. தொடர் உணவகத்தைப் பார்க்க வைத்தது. நம்மிடமும் இதே மாற்றம்தான் நடந்திருக்கிறது.

இடையில் பெண்கள் பத்திரிகைகளின் இணைப்புகள் வந்தன. முப்பது வகைப் பொரியல், முப்பது வகைச் சட்னி என்று எண்ணிக்கையே சிறப்பானது. ஒரு வீட்டுக்கு முப்பது வகைச் சட்னி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

திரையில் வந்த சமையல்

1993-இல் ஜீ தொலைக்காட்சியில் 'கானா கஜானா' தொடங்கியது. சஞ்சீவ் கபூர் சிரித்த முகத்தோடு சொல்லிக் கொடுத்ததை நம் வீட்டுப் பெண்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். திரையில் பார்த்தாலும் கை எழுதியது, அது நல்லது. 2018-இல் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' புறப்பட்டது. 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் அலைவரிசை அதுதான். வயல்வெளியில் தாத்தாவும் பேரன்களும் அண்டா அண்டாவாகச் சமைப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது, மறுக்கவில்லை. மும்பையில் பிறந்த பிள்ளைக்கு அம்மி, உரல், விறகடுப்பு எல்லாம் கண்ணால் பார்க்கக் கிடைத்தன. 2019-இல் விஜய் தொலைக்காட்சியில் 'குக் வித் கோமாளி' வந்தது. சமையல் சிரிப்புக்குச் சாக்கானது. 2021-இல் சன் தொலைக்காட்சியில் தமிழ் 'மாஸ்டர்செஃப்' வந்தபோது அது போட்டியானது.

என் கடையிலேயே இந்த மாற்றத்தைப் பார்க்கிறேன். முன்பு வாடிக்கையாளர் வந்தால், "அமாவாசைக்கு வேணும்", "மாப்பிள்ளை வர்றார்", "குழந்தை பெத்த பொண்ணுக்கு" என்று காரணம் சொல்லிப் பொருள் கேட்பார்கள். நானும் அதற்கு ஏற்ற மிளகு, ஏற்ற பருப்பு எடுத்துக் கொடுப்பேன். இப்போது கைப்பேசியை நீட்டி, "இது இருக்கா?" என்கிறார்கள். படம் இருக்கிறது, பெயர் தெரியவில்லை, காரணமும் தெரியவில்லை. சுக்கு, கண்டந்திப்பிலி என்ற சொற்களை வாயால் சொல்லிக் கேட்கும் இளம் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள்.

'ஜெயின்' என்ற முத்திரை

ஊடகம் ஒரு பெயரைக் கொடுத்தால் அது முத்திரையாகிவிடும். மாட்டுங்காவின் கஃபே மெட்ராஸ் 1940-இல் தொடங்கியது. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-இல் தொடங்கியது. இரண்டும் தென்கனராக்காரர் கைவண்ணம். மும்பைக்கு எல்லாமே 'மதராஸி' தான்.

அதேபோலத்தான் 'ஜெயின்' என்ற சொல்லும். இந்த நகரில் எந்த உணவகப் பட்டியலிலும் 'ஜெயின் பாவ் பாஜி' இருக்கும். உருளைக்கிழங்குக்குப் பதில் வாழைக்காய், வெங்காயம் பூண்டு இல்லை. சரிதான். ஆனால் அந்தத் தள்ளுவண்டியில் கூட்டம் சேர்வது இரவு ஒன்பது மணிக்கு! பொருளை விலக்கினார்கள், பொழுதை மறந்தார்கள். கோவலனுக்காக மாதரி முதலில் கவலைப்பட்டது பொழுதைப் பற்றித்தான். விளம்பரமும் சமையல் காட்சியும் பொருளைக் காட்டலாம். சூரியன் மறைந்த பிறகு அணைந்து கிடக்கும் அடுப்பை எப்படிக் காட்டுவது? அங்கே ஒன்றும் நடக்கவில்லையே!

2023-இல் இந்தி 'மாஸ்டர்செஃப் இந்தியா'வில் சென்னையைச் சேர்ந்த ஒரு ஜைன இல்லத்தரசி போட்டியிட்டார். மற்றவர்க்கு மீன் கொடுத்த சுற்றில் அவருக்குப் பன்னீர் கொடுத்தார்கள். அது சலுகை என்று ஊர் முழுக்க ஏசினார்கள். போட்டி விதி எல்லார்க்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், "எதையும் சமைப்பவரே சிறந்த சமையல்காரர்" என்ற தீர்ப்பை எங்கிருந்து எடுத்தார்கள்? எதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்ததும் ஒரு சமையல் அறிவுதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோயாவில் 'சைவ மட்டன்', வாழைக்காயில் 'சைவ மீன் வறுவல்' என்று செய்து காட்டுகிறார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியத்தை இங்கே நினைக்கிறேன். மன்னன் யசோதரன் தாயின் சொற்படி உயிர்க்கோழிக்குப் பதிலாக மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். உயிர் ஒன்றும் போகவில்லை. ஆனாலும் எண்ணம் கொலை எண்ணம் என்பதால், தாயும் மகனும் மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பிறவி பல எடுத்து உழன்றார்கள் என்கிறது காவியம். கறி உண்பவரை நான் பழிக்கவில்லை. அது அவரவர் மரபு. சைவம் என்று சொல்லிக்கொண்டே வடிவத்துக்கு ஏங்க வைப்பதைத்தான் அந்தக் கவிஞர் அன்றே கண்டுகொண்டார்.

நாம் செய்ய வேண்டியது

ஒரு குடும்பத்தின் சமையல் மரபில் பாதி, சமைப்பது. மறுபாதி, சமைக்காமல் விடுவது. இது சமணர்க்கு மட்டும் உரியது அல்ல. புரட்டாசியில் புலால் விடும் வீடு உண்டு. துக்க வீட்டில் சில நாள் தாளிக்காத வழக்கம் உண்டு. ஆடியில் கூழ் ஊற்றும் முறை உண்டு. தாராவியில் வாழும் நெல்லைக் குடும்பங்களுக்குக் கொடை விழாவையொட்டிய கட்டுப்பாடுகள் உண்டு. ஊரில் இருந்தால் அண்டை வீடு இவற்றை நினைவூட்டும். இங்கே அடுத்த கதவில் மராத்தியரும் குஜராத்தியரும். ஆகவே நினைவூட்ட நம் வீட்டுப் பெரியவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஊடகம் இந்த மறுபாதியைச் சொல்லாது. சொல்ல அதற்கு வழியும் இல்லை.

எனவே நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மலரில் பத்துப் பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுச் சமையல் ஒன்றை எழுதித் தரட்டும். செய்முறையோடு மூன்று செய்திகள் கட்டாயம் இருக்க வேண்டும்: அது யாருக்காகச் செய்வது, எந்த நாளில் செய்வது, எந்த நாளில் செய்யக் கூடாது. பாட்டிகள் சொல்லட்டும், பேரப்பிள்ளைகள் தமிழில் எழுதட்டும். எழுத்துப் பிழை வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ளலாம். பாட்டி போன பிறகு கேட்பதற்கு ஆள் இருக்காது. அந்தப் பிள்ளை பிறகு கைப்பேசியைப் பார்த்து எத்தனை வகை வேண்டுமானாலும் சமைக்கட்டும். தன் வீட்டுச் சமையல் எது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.