நான்கில் ஒன்று: கொள்குறி வினாவும் பெண்ணியக் கல்வியும்

ஒரு வினாவிலிருந்தே தொடங்கலாம். 'சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய ஆண்டு எது? (அ) 1929 (ஆ) 1930 (இ) 1937 (ஈ) 1947.' இது நான் இட்டுக்கட்டிய வினாதான். ஆனால் போட்டித் தேர்வுக் கைடு ஒன்றையாவது புரட்டியவர்களுக்கு இதன் முகம் பழகியதாக இருக்கும். விடை (ஈ). ரெண்டு மார்க். அடுத்த வினாவுக்குப் போய்விடலாம். போய்விட வேண்டும் என்பதுதான் ஏற்பாடே.

1947 என்பது தப்பில்லை. ஆனால் அந்த ஆண்டுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பவர்கள் யார்? சட்டமன்றத்தில் ஒழிப்புக்காக வாதாடிய முத்துலட்சுமி ரெட்டி. அந்த வாழ்க்கையை உள்ளிருந்து அறிந்து, ஒழித்தே தீர வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசி, 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலையும் எழுதிய மூவலூர் ராமாமிர்தம். 'எங்களைக் கேட்காமல் எங்களுக்குச் சட்டமா' என்ற திசையில் நின்று எதிர்த்த தேவதாசிகள். அவர்களில் ஒருவரான பெங்களூர் நாகரத்தினம்மாள். மூவருமே அச்சமூகத்தோடு ஏதோவொரு வகையில் உறவுடைய பெண்கள். மூவரும் ஒரே நிலைப்பாட்டில் இல்லை. அதே பத்தாண்டுகளில்தான் சதிர் 'பரதநாட்டியம்' ஆகி வேறு வீடுகளுக்குக் குடிபோகிறது. யாருடைய ஒழுக்கம், யாருடைய நிலம், யாருடைய கலை, யாருக்காக யார் பேசுவது என்பதுதான் பாலினக் கல்வியின் கேள்வி. அதற்கு அ, ஆ, இ, ஈ கிடையாது.

இன்னொன்று. 'விசாகா நெறிமுறைகள் எதனோடு தொடர்புடையவை?' 'பணியிடப் பாலியல் துன்புறுத்தல்' என்று மாணவி சரியாகவே குறித்துவிடுவாள். 1992இல் ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசுத் திட்டமொன்றின் ஊழியராகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காகக் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்ட பன்வாரி தேவி அந்த விடைக்குள் இல்லை. 1995இல் கீழமை நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்டவர்களை வல்லுறவுக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தபோது, மேல்சாதி ஆண் கீழ்ச்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டான் என்கிற ரீதியில் காரணம் சொன்னதும் அதற்குள் இல்லை. 1997 தீர்ப்பு பெண்களுக்குப் பொதுவான நெறிமுறையைக் கொடுத்தது. பன்வாரிக்கு நீதியைக் கொடுக்கவில்லை. 'பணியிடம்' என்ற சொல் வந்து உட்கார்ந்ததும் சாதி எழுந்து போய்விடுகிறது. சரியான விடையே எப்படி மறைப்பாக வேலை செய்கிறது பாருங்கள்.

'இதெல்லாம் தகவல் கேட்கும் வினாக்கள், சிந்திக்கச் சொல்லும் வினாக்களும் உண்டு' என்பார்கள். கூற்று - காரணம் வகையைச் சொல்கிறார்கள். கூற்று: தமிழகத்தின் சில பகுதிகளில் பெண் சிசுக்கொலை நிகழ்ந்தது. காரணம்: வரதட்சணை. இரண்டும் சரி, காரணம் கூற்றை விளக்குகிறது. இரண்டும் சரி, ஆனால் விளக்கவில்லை. ஒன்று சரி, மற்றது தவறு... இதில் எதைக் கருப்பாக்குவது? வரதட்சணை காரணம்தான். அது மட்டுமா? நிலம் யார் பெயரில் இருக்கிறது, எந்தச் சாதியில் எப்போது வரதட்சணை நுழைந்தது, சிறு குடும்பப் பிரச்சாரம் ஆண் குழந்தைக்கான நெருக்கடியை எப்படிக் கூட்டியது, 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த அரசு யாரைக் குற்றவாளியாகப் பார்த்தது? சமூக அறிவியல் என்பதே 'இந்தக் காரணம் இந்தக் கூற்றை விளக்குகிறதா' என்ற சண்டைதான். அந்தச் சண்டையை முடித்துவைத்துவிட்டு, முடிவை மட்டும் கண்டுபிடி என்கிறது வினாத்தாள்.

இந்த வடிவம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஆசிரியர்கள் போடும் மதிப்பெண் ஆளுக்கு ஆள் மாறுவதை ஆராய்ந்த அமெரிக்கர் பிரெடரிக் கெல்லி, 1915 வாக்கில் கன்சாஸ் பள்ளிகளுக்காக இதை உருவாக்கினார். 1917இல் அமெரிக்கப் படை, லட்சக்கணக்கான சிப்பாய்களைத் தரம் பிரிக்க இதே வகைச் சோதனைகளைக் கையிலெடுத்தது. அந்தப் புள்ளிவிவரங்களை வைத்து கார்ல் பிரிகாம் 1923இல் இன உயர்வு தாழ்வு பேசினார். 1930இல் அவரே அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. பெருங்கூட்டத்தை வேகமாக, மலிவாகப் பிரித்தடுக்குவதற்கான கருவி இது. தேர்வு என்பது அறிவை அளப்பது மட்டுமல்ல, ஆளை வரிசையில் நிறுத்தும் அதிகாரச் சடங்கு என்று ஃபூக்கோ சொன்னதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நம் நிலைமைக்கு வருவோம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் விரிவாக எழுதும் தாள் ஒன்று இருந்தது. 2012 ஜூன் முதல் அதுவும் கொள்குறி ஆயிற்று. 2018 டிசம்பரிலிருந்து தேசியத் தேர்வு முகமை நடத்துகிறது. 150 வினா, மூன்று மணி நேரம். அதாவது ஒரு வினாவுக்கு 72 நொடி. பெண்ணியம் படித்தவளும் பொருளாதாரம் படித்தவனும் இதே கணக்கில்தான். 2024 மார்ச்சில், முனைவர் பட்டச் சேர்க்கைக்கும் இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தலாம் என்று யுஜிசி அறிவித்தது. ஆக, ஒரு பக்கம்கூட எழுதிக் காட்டாமல் ஆய்வாளராகும் வழி திறந்திருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 18இல் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதிய தேர்வு மறுநாளே ரத்தானது. மனிதக் கறை படியாத தேர்வு என்ற நம்பிக்கைக்கு அது ஒரு பதில்.

மொழியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொழிப்பாடங்கள் நீங்கலாக இத்தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. சமூகவியலைத் தமிழில் படித்த பெண்ணுக்கு முதல் தேர்வு ஆங்கிலம், ரெண்டாவதுதான் சமூகவியல். விரிவாக எழுதும்போதாவது தெரிந்த சொல்லை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே நான்கு விடைகளுக்குமான வேறுபாடு ஒரு ஆங்கில முன்னிடைச் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கும். விடைக்குறிப்பே தவறென்று பட்டால்? அண்மை ஆண்டுகளில் வினா ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். அறிவு விவாதத்துக்குக் கட்டணம்!

சரி, பழைய முறை என்ன பொற்காலமா? இல்லவே இல்லை. இதை நாம் நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். பக்கத்தை எண்ணி மார்க் போட்டவர்களை நாம் அறிவோம். நோட்ஸை நெட்டுரு போட்டுக் கக்கியதற்குத்தான் முதல் வகுப்பு கிடைத்தது. நேர்முகத் தேர்வில் ஊர்ப் பெயர் கேட்டு, தெருப் பெயர் கேட்டுச் சாதியை மோப்பம் பிடித்த கதைகள் தலித் மாணவர்களிடம் ஏராளம். 'மெஷினுக்கு என் சாதி தெரியாது சார்' என்று ஒரு மாணவர் என்னிடம் சொன்னார். அதில் உள்ள நியாயத்தைத் தட்டிவிட்டு விமர்சனம் பேசுவது மேட்டிமைத்தனம். கெல்லி பார்த்த சிக்கலும் இதுதான்: திருத்துபவரின் கை.

ஆனால் திருத்துபவரின் கையை வெட்டுவதாகச் சொல்லி எழுதுபவரின் கையை அல்லவா வெட்டியிருக்கிறார்கள்? மெஷினுக்குச் சாதி தெரியாது என்பது உண்மை; சாதி எப்படி இயங்குகிறது என்று அந்த மாணவர் எழுதினால் அதுவும் மெஷினுக்குத் தெரியாது. நான்கு விடைகளை முன்கூட்டித் தீர்மானித்த கைக்கு ஊரும் தெருவும் உண்டு. நமக்கு அது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

பெண்ணியக் கல்விக்கு இதில் கூடுதல் இழப்பு இருக்கிறது. கொடுக்கப்பட்ட கட்டங்களை மறுத்துத்தான் அது பிறந்தது. குடிக்கணக்கு, வீட்டு வேலையிலேயே முழு நாளும் கழிந்த பெண்ணை 'வேலை செய்யாதவர்' என்ற கட்டத்தில் எழுதியது. 'இந்தக் கட்டமே தப்பு' என்று சொன்னதிலிருந்துதான் பெண் உழைப்பு பற்றிய ஆய்வு கிளம்பியது. ஆண், பெண் என்ற ரெண்டு கட்டத்தோடு மூன்றாவதாக 'பிற' என்ற ஒன்று 2011 குடிக்கணக்கில்தான் வந்தது. திருநங்கையர் வாழ்க்கை அந்தச் சொல்லிலும் அடங்காது. கட்டத்தை மறுப்பதையே அறிவாகக் கொண்ட துறையை, கட்டத்துக்குள் புள்ளி வைக்கச் சொல்லிச் சோதிக்கிறோம். இதன் விளைவு தேர்வறையோடு நிற்காது. கேட்க முடிந்ததே பாடமாகும். கேட்க முடிந்ததையே கைடு அச்சடிக்கும். தன் பாட்டியின் வாழ்க்கையை எழுத வேண்டியவள் நூல் - ஆசிரியர் பொருத்துகளை மனனம் செய்துகொண்டிருப்பாள்.

என்னதான் செய்யச் சொல்றே என்று கேட்கலாம். தகவலுக்குக் கொள்குறி இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்குமேல் ஒரு தாளாவது எழுத்தாக வேண்டும். பெயர் மறைத்து, டம்மி எண் இட்டு, இருவர் தனித்தனியே திருத்தட்டும். பெருத்த வேறுபாடு வந்தால் மூன்றாமவரிடம் போகட்டும். திருத்தியவரின் குறிப்போடு விடைத்தாள் மாணவருக்குக் கிடைக்கட்டும். வினாத்தாள் தமிழிலும் வரட்டும், தமிழில் எழுத விடட்டும். செலவாகும், நாளாகும் என்பார்கள். ஆகட்டும். இடஒதுக்கீட்டுக்கும் கல்விக் கட்டணத்துக்கும் தெருவுக்கு வரும் நம் அமைப்புகள், வினாத்தாளின் வடிவத்தை நிர்வாக விவகாரம் என்று இதுவரை விட்டுவைத்திருக்கின்றன. உள்ளே போகும் உரிமையைக் கேட்ட நாம், உள்ளே போனபின் பேசும் உரிமையையும் கேட்டாக வேண்டும்.