ராமர் கேள்வியும் ரூபாய்க் கேள்வியும்

ராமேஸ்வரம் பக்கம் யாரிடமாவது சேது சமுத்திரத் திட்டம்னு பேச்செடுத்துப் பாருங்க. ரெண்டே நிமிஷத்தில் "அது ராமர் கட்டின பாலமா, வெறும் மணல் திட்டா?" என்ற இடத்துக்கு வந்து நிற்கும். இருபது வருஷமாக இதே கதைதான். அந்தக் கேள்விக்குள் இந்தப் பதிவு போகப் போவதில்லை. எனக்கு வேறொரு சந்தேகம்.

இந்தத் திட்டத்துக்கென்று ஒரு கம்பெனி இருந்தது. பெயர் சேது சமுத்திரம் கார்ப்பரேஷன் லிமிடெட், தொடங்கிய காலம் 2004 டிசம்பர். கம்பெனி என்றால் முதல், கடன், வட்டி, வரவு எல்லாம் உண்டு. அந்த வரவு செலவைப் பற்றி நம்மில் எத்தனை பேர் வாதாடியிருக்கிறோம்? ராமர் கேள்விதான் திட்டத்தைக் கெடுத்தது என்று ஒரு தரப்பு சொல்கிறது. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. அந்தக் கேள்வி திட்டத்தைக் காப்பாற்றியது. பக்தியா பகுத்தறிவா என்ற சண்டையில் ரூபாய்க் கேள்வி மூலைக்குப் போய்விட்டது.

முதலில் விவரங்கள். 2005 ஜூலை 2ஆம் தேதி மதுரையில் பிரதமர் மன்மோகன் சிங் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மதிப்பீடு 2,427 கோடி ரூபாய். அதில் சுமார் 971 கோடி பங்கு முதலீடு, மீதி 1,456 கோடி கடன். கால்வாயின் மொத்த நீளம் 167 கி.மீ. நடுவில் பாக் விரிகுடாவில் 78 கி.மீ. தூரத்துக்கு இயற்கையாகவே ஆழம் இருக்கிறது. ஆதாம் பாலப் பக்கமும் பாக் நீரிணைப் பக்கமுமாகச் சேர்த்து 89 கி.மீ. தோண்ட வேண்டும். ஆழம் 12 மீட்டர், அகலம் 300 மீட்டர்.

பங்கு போட்டவர்கள் யார் என்று பாருங்கள். மத்திய அரசு, தூத்துக்குடி, சென்னை உள்ளிட்ட அரசுத் துறைமுகங்கள், இந்தியக் கப்பல் கழகம், இந்தியத் தூர்வாரும் கழகம். எல்லாமே அரசு நிறுவனங்கள். இதில் தூர்வாரும் கழகம் பங்குதாரராகவும் இருந்தது, கடலைத் தோண்டும் வேலையையும் செய்தது. சுற்றுச்சூழல் ஆய்வை நீரி நிறுவனத்திடம் கேட்டு வாங்கியது தூத்துக்குடித் துறைமுகம். கால்வாயால் பலன் அடையப் போவதும் அதே துறைமுகம். இதில் யாரும் தப்பு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பவரும் தோண்டுபவரும் பலனடைபவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால், "இது கட்டுப்படியாகுமா?" என்று யார்தான் கேட்பார்?

திட்டத்தின் பெரிய விளம்பரம் இது: 424 கடல் மைல், அதாவது சுமார் 780 கி.மீ. தூரம் வரை மிச்சம். 30 மணி நேரம் வரை மிச்சம். இதில் "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். தூத்துக்குடியில் கிளம்பி சென்னைக்குப் போகும் கப்பல் இலங்கையை முழுசாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் இந்த உச்சபட்ச லாபம். சூயஸ் வழியாக வந்து கல்கத்தா போகும் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அரபிக்கடலிலிருந்து இலங்கையின் தென்முனைக்குச் சாய்வாக ஒரு கோடு போட்டு, அங்கிருந்து வடக்கே ஏறிவிடும். கால்வாய்க்காக அது மன்னார் வளைகுடாவுக்குள் நுழைந்து, பைலட்டுக்குக் காத்திருந்து, தோண்டிய பகுதியில் வேகத்தைக் குறைத்து, கட்டணமும் கட்ட வேண்டும். மிச்சமாகும் தூரம் அதற்கு மிகவும் குறைவு. ஜேக்கப் ஜான் என்ற பொருளியலாளர் 2007இலேயே 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் இதைத்தான் கேட்டார். ஒரு வகைக் கப்பலுக்கு வரும் லாபத்தை எல்லாக் கப்பலுக்கும் பொருத்தலாமா என்று. தெருவுக்கு அந்தக் கேள்வி வரவே இல்லை.

நானே ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். கடனுக்கு வட்டி 10 சதவீதம்னு வெச்சுக்கலாம். வருஷத்துக்கு 145 கோடி. தினமும் 10 கப்பல் தவறாமல் போகுதுன்னு வெச்சுக்கிட்டா, ஒவ்வொரு கப்பலும் வட்டிக்கு மட்டுமே 4 லட்சம் தரணும். இப்போது கப்பல் பக்கம். ஒரு நாளைக்கு 25 டன் எண்ணெய் எரிக்கும் நடுத்தரக் கப்பலுக்கு 30 மணி நேரம் மிச்சமானால் சுமார் 31 டன். அன்றைய விலையில் அதுவும் ஏறக்குறைய 4 லட்சம்தான். கப்பலின் நாள் வாடகை மிச்சத்தையும் சேர்த்தால் லாபம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் இது 30 மணி நேரமும் முழுசாக மிச்சமாகும் கப்பலின் கதை. பாதிகூட மிச்சமாகாத கப்பல்களிடம் எதை வாங்கி அசலை அடைப்பது? வருஷா வருஷம் மணல் மூடும் கால்வாயை எந்தக் காசில் மறுபடி தோண்டுவது? சூயஸ் நிலத்தை வெட்டிய கால்வாய், அதற்குக் கரை உண்டு. இதுவோ கடலடியில் இழுத்த கோடு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே போன கடல் இது.

"கடலுக்குள்ள தோண்டாதீங்க" என்று சொன்னது சுற்றுச்சூழல்காரர்கள் மட்டுமல்ல. 1955இல் நேரு அரசு ஏ. ராமசாமி முதலியார் தலைமையில் ஒரு குழு போட்டது. கால்வாய் வேண்டும் என்பதுதான் அந்தக் குழுவின் முடிவு. ஆனால் நிலத்தின் குறுக்கே வெட்டுங்கள், ஆதாம் பாலத்தின் ஊடாகக் கடலில் வழி வெட்டும் யோசனையைக் கைவிடுங்கள் என்றும் சேர்த்தே சொன்னது. கால்வாய்க்காக மேடையேறுகிறவர்கள் முதலியார் குழுவை மறக்காமல் குறிப்பிடுவார்கள், இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுவார்கள். எதிர்ப்பவர்களும் இதை அதிகம் எடுப்பதில்லை. ராமர் கிடைத்த பிறகு முதலியார் எதற்கு?

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 2007 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு. மாற்று வழி பார்க்க ஆர்.கே. பச்சௌரி தலைமையில் குழு. மாற்று வழியும் சரிவராது என்றது அந்தக் குழு. 2013இல் அந்த அறிக்கையை மத்திய அரசு ஏற்கவில்லை. அதற்குள் செலவான தொகை 829 கோடி. ராமர் பாலத்துக்காகவும் பகுத்தறிவுக்காகவும் எவ்வளவோ ஊர்வலம் போனது. இந்த 829 கோடிக்காக ஒரு ஊர்வலம்கூடப் போனதாக எனக்கு நினைவில்லை.

ஆசை பொய் என்று சொல்ல மாட்டேன். 1967இல் அண்ணா 'எழுச்சி நாள்' நடத்திக் கேட்டவற்றில் சேது திட்டமும் ஒன்று. சேலத்துக்கு இரும்பாலை வந்தது, தூத்துக்குடிக்குப் பெரிய துறைமுகம் வந்தது, கால்வாய் வரவில்லை. 2018இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியல் போட்டபோது தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றவை ராமநாதபுரமும் விருதுநகரும். இந்த மண்ணுக்கு ஏதாவது வரணும் என்ற ஏக்கத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கால்வாய் வந்தால் ராமநாதபுரத்துக்கு என்ன வரும்? ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு போட்டால் ஊருக்குள் இருக்கும் டீக்கடைக்கு என்ன கிடைக்குமோ, அதுதான். கப்பல் பாம்பனில் நிற்காது, மண்டபத்தில் நிற்காது. சரக்கு இறங்குவது தூத்துக்குடியிலும் சென்னையிலும். இங்கே மிஞ்சுவது கலங்கிய தண்ணீரும், வலை போட முடியாத ஒரு பாதையும். கிழக்கே எல்லைக் கோடு, நடுவில் கப்பல் பாதை என்றானால் மீனவர் எங்கே போவார்? 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்கு 448 சதுர கி.மீ. காப்பகம் அறிவித்தது தமிழக அரசு. நாலே மாதத்தில், 2023 ஜனவரியில், சேது திட்டத்தை நிறைவேற்றக் கோரிச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டதும் அதே அரசுதான்.

கப்பலும் மாறிவிட்டது. 12 மீட்டர் ஆழத்தில் 10 மீட்டர் சுமாருக்குத் தண்ணீரில் அமிழும் கப்பல்தான் போக முடியும். பக்கத்தில் விழிஞ்ஞத்தில் 2025இல் வந்து நின்ற எம்.எஸ்.சி. ஐரினா 24,000 பெட்டிகளுக்கு மேல் சுமக்கும். அதற்கு இந்தக் கால்வாய் வாய்க்கால். இது புதுசும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கம்பெனிப் பொறியாளர்கள் பாம்பன் வழியைப் பாறை உடைத்து ஆழமாக்கினார்கள். நீராவிக் கப்பல்கள் பெருத்ததும் அந்த ஆழமும் போதாமல் போனது.

இன்றைக்குக் கால்வாய்க்கு ஆதரவாக ஒரு நல்ல வாதம் உண்டென்றால், விழிஞ்ஞத்திலும் தூத்துக்குடியிலும் இறங்கும் பெட்டிகளைச் சென்னைக்குக் கொண்டுபோகும் சிறிய கப்பல்கள்தான். அவற்றுக்கு இந்த ஆழம் போதும், தூர லாபமும் உண்டு. அந்தக் கணக்கைப் புதிதாகப் போடட்டும், போட்டுப் பொதுவில் வைக்கட்டும். லாபம் வந்தால் நானும் ஆதரிக்கிறேன்.

அதுவரை, அன்னை இந்திரா காந்தி பாலத்தின் மேல் நின்று கொஞ்சம் கீழே பாருங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி 17 மீட்டர் உயரம் வரை மேலே போகும். அந்தப் பாலத்துக்கே 550 கோடி ஆயிருக்கிறது. அதன் அடியில், ஓதம் பார்த்துக் காத்திருந்து, நீரோட்டம் தெரிந்த ஆட்களை நம்பி, விசைப்படகும் மிதவையும் ரோந்துக் கப்பலும் இன்றும் கடக்கின்றன. 1914 முதல் புயல் வரை தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கும், பிறகு 1980கள் வரை ராமேஸ்வரத்திலிருந்தும் பயணிகள் கப்பல் ஓடியது. சுமார் 30 கி.மீ. கடல். சென்னையில் டிக்கெட் எடுத்து கொழும்பு வரை போனார்கள். அதற்கு 12 மீட்டர் ஆழம் தேவைப்படவில்லை.

பாம்பன் வழியைக் கொஞ்சம் ஆழமாக்கி, மிதவை விளக்கு போட்டு, தலைமன்னார் கப்பலை மறுபடி விட எவ்வளவு ஆகும்? அந்தக் கப்பல் ராமேஸ்வரத்தில் நிற்கும். ஆள் இறங்குவார், டீ குடிப்பார்.