மணிமேகலையின் விழாநெறியும் கல்முனையின் இரு விழாக்களும்

சீத்தலைச்சாத்தனார் மணிமேகலையை விழாவறை காதையொடு தொடங்குகின்றார். காவிரிப்பூம்பட்டினத்தில் இருபத்தெட்டு நாள் நிகழும் இந்திர விழாவை, யானைமேல் முரசேற்றி நகருக்கு அறிவிக்கின்றனர். வீதிகளை அணிசெய்க என்றபின் கூறப்படுவனவற்றுள் இரண்டு கருதத்தக்கன. பல்வேறு சமயத்து அறிஞரும் பட்டிமண்டபம் ஏறி முறையறிந்து வாதிடுக என்பது ஒன்று. தம்மோடு ஒவ்வாதாரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாது விலகிச் செல்க என்பது மற்றொன்று. அனைவரும் ஒரு சமயத்தவராகுக என அம்முரசம் கூறவில்லை. வேற்றுமை வேற்றுமையாகவே நிற்கப் பகை நீங்குதலே விழாவின் பயன் என்பது புலவர் கருத்தாதல் பெறப்படும். இவ்வளவுகோலைக் கொண்டு, ஈழத்துக் கீழ்க்கரையில் அடுத்தடுத்து அமைந்த இரு விழாக்களை நோக்குவது பொருந்தும்.

கல்முனை நகருக்குத் தெற்கே கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில், நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்று விழா நிகழ்கின்றது. ஜமாதுல் ஆகிர் மாதப் பிறப்பை ஒட்டிக் கொடியேறும். பன்னிரண்டு நாள் மவ்லிது ஓதப்படும். கந்தூரி உணவு வழங்கப்படும். நகருக்கு வடக்கே பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழா புரட்டாதியை ஒட்டி நிகழ்ந்து தீமிதிப்புடன் நிறைவெய்தும். கொடியும், நாட்கணக்கும், நேர்த்திக்கடனும், ஊர்கூடி உண்ணலும் இரண்டற்கும் பொதுவாகும்.

இவ்வொப்புமையைக் கண்டோர் இருவகையாகப் பேசுவர். பள்ளிவாசற் கொடி கோயிற் கொடியேற்றத்தின் படி என்பர் ஒருசாரார். இரண்டும் ஒன்றே, ஆதலின் ஒற்றுமைக்கு வேறு சான்று வேண்டா என்பர் மற்றொருசாரார். இவ்விரு கூற்றும் ஒரே பிழையினின்று தோன்றியவை. வடிவத்தைக் கண்டு பொருளைக் காணாமையே அப்பிழை.

கல்முனைக் கொடிக்கு மூலம் நாகூர்ப் பெருவிழாவாகும். அஜ்மீரிலும் உரூஸ் விழா கொடியேற்றத்துடனேயே தொடங்கும். ஆதலின் அயலிலுள்ள கோயிலைப் பார்த்து அமைத்துக்கொண்டது என்னும் கூற்று வலியுடையதன்று. எனினும் நாகூர் தர்காவின் ஓங்கிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப சிங் என்பதையும் மறத்தலாகாது. கொண்டும் கொடுத்தும் வளர்ந்த மரபிலே கடன்பட்டவர் இவர், கொடுத்தவர் அவர் எனக் கோடு கிழித்தல் எளிதன்று.

இனி, வேற்றுமை யாதெனின், பாண்டிருப்பு விழா ஒரு காப்பியம். கல்முனைக்குடி விழா ஒரு போற்றி. பாண்டிருப்பில் பாரதக் கதை மக்கள் உடலிலேயே நிகழ்கின்றது. வனவாசம் செல்வோரும், அருச்சுனன் தவநிலையில் நிற்போரும், தீயில் இறங்குவோரும் ஊரவரே. பள்ளிவாசலில் கதை நடிக்கப்படுவதில்லை. திருவுருவும் உலா வருவதில்லை. ஆண்டகையின் அடக்கத்தலமும் ஆங்கில்லை. அது கடல்கடந்து நாகூரில் உள்ளது. கடலோடிகளின் காவலர் எனப் போற்றப்படும் ஒருவரை அக்கடலின் இக்கரையிலிருந்து நினைத்தலே அவ்விழாவின் உயிர். இத்தகைய வழிபாடு இசுலாமிய நெறிக்கு ஏற்புடைத்தன்று என மறுக்கும் முஸ்லிம்களும் உளர். அஃது அவர்தம் பட்டிமண்டபத்து வழக்கு. பிறர் புகுந்து தீர்ப்புரைத்தற்குரியதன்று.

காலக்கணக்கும் இவ்வேற்றுமையை உணர்த்தும். பாண்டிருப்பு விழா பருவத்தை விட்டு அகலாது. ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழப் பதினொரு நாள் குறைந்ததாகலின், கொடியேற்றம் ஆண்டுதோறும் முன்னேறி, முப்பத்துமூன்று ஆண்டளவில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவரும். 1998 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அது புரட்டாதியில் வீழ்ந்தது. 2030 ஐ ஒட்டி மீண்டும் வீழும். இரு விழாவும் தத்தம் கணக்கிலேயே இயங்கி, ஒரு தலைமுறைக்கொருமுறை அருகருகே வருகின்றன. ஒன்றற்காக மற்றொன்று தன் நாளை மாற்றிக்கொள்வதில்லை.

மணிமேகலையில் மற்றொரு செய்தியும் உண்டு. மகனை இழந்த துயரால் சோழன் இந்திர விழாவை மறக்க, புகார் நகரைக் கடல்கொண்டது. 2004 டிசம்பர் 26 இல் கடல் எழுந்தபோது இலங்கை மாவட்டங்களுள் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறையே. அக்கரையோ விழாமரபைக் கைவிட்ட கரையன்று. ஆதலின் சாத்தனார் கதையைத் தெய்வத் தண்டனை என்று கொண்டு அக்கரைக்குப் பொருத்துவது பெருங்கொடுமையாகும். பள்ளிவாசல் எனவும் கோயில் எனவும் கடல் வேறுபாடு பார்க்கவில்லை என்பதே அங்குக் கண்ட உண்மை.

அக்கதைக்கு வேறொரு பொருள் கொள்ளலாம். விழாவை மறத்தல் என்பது முரசு அறைந்த நெறியை மறத்தலாகும். 1990 இன் வன்செயல்களில் தமிழரும் முஸ்லிம்களும் உயிரிழந்தனர். ஒரே மொழி பேசிய அயலார் ஒருவரையொருவர் அஞ்சினர். வழிபாட்டு வடிவங்கள் ஒத்திருந்தமை அன்று எவரையும் காக்கவில்லை. ஒப்புமை தானே உறவாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. ஆகவே இவ்விரு விழாக்களையும் ஒன்றெனப் புகழ்தல் திறனாய்வுமன்று, நட்புமன்று. அவை வேறு என அறிந்து, அயலவன் கொடியேறும் நாளில் அவன் வீதியைச் சினமின்றிக் கடந்து செல்லுதலே புகார் முரசம் கேட்ட பண்பு. கல்முனைக் கரை இன்று வேண்டி நிற்பதும் அதுவே.