ஆற்றலும் அலைவும்: ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடர்

1977இல் தொலைக்காட்சிப் படமாகத் தொடங்கி, 1982 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் அலைவரிசையில் ஒளிபரப்பான ‘தி இன்கிரெடிபிள் ஹல்க்’, துன்புறுவோரைக் காக்கும் மீவலிமை நாயகனின் கதையாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின், அவ்வலிமைக்கு நாயகன் செலுத்தும் விலையே தொடரின் மையம் எனலாம்.

விபத்தில் சிக்கிய மனைவியை மீட்க இயலாத அறிவியலாளர் டேவிட் பேனர், இக்கட்டில் மனிதருக்கு எழும் மிகைவலிமையை ஆராய்கிறார். காமாக் கதிர்வீச்சுக்கு அளவுமீறி உட்பட்டபின், வெகுளி மேலிடும்போதெல்லாம் பச்சைநிறப் பேருருவாக மாறுகிறார். இறந்துவிட்டதாக உலகம் நம்பும் அவர், புனைபெயர்களில் கிடைத்த வேலையைச் செய்து, தம் நிலைக்குத் தீர்வு தேடி ஊர் ஊராக அலைகிறார். பேருருவைக் கொலையாளி எனக் கருதும் செய்தியாளர் ஜாக் மெக்கீ அதனைத் துரத்துகிறார்.

படக்கதையில் பேசும் ஹல்க், தொடரில் உறுமுவதோடு அமைகிறது. எனவே, அயலாரின் துயரைக் கேட்பதும் தேற்றுவதும் பேனரின் பணியாகின்றன. பேருரு வெளிப்பட்டு இடரை நீக்கியதும், பேனர் அவ்வூரில் தங்கும் வாய்ப்பு அழிகிறது. ஜோ ஹார்னெலின் பியானோ இசை பின்னணியில் ஒலிக்க, அவர் மீண்டும் நெடுஞ்சாலையில் நடக்கிறார்.

வாரந்தோறும் புதிய களம் வேண்டும் என்னும் தொடர்வடிவத்தின் தேவை இவ்வாறு நாயகனின் துயரமாக்கப்பட்டுள்ளது. அதே வடிவம், காக்கப்பட்டவர்களை அடுத்த வாரமே மறக்கவும் செய்கிறது. அவர்தம் பிற்கால வாழ்வு பெரும்பாலும் காட்டப்படுவதில்லை. பேனரின் தனிமையை ஆழமாகக் காட்டும் தொடர், அவர் உதவிய மாந்தரை அவ்வளவு ஆழமாகக் காட்டவில்லை என்பது இதன் எல்லையாகும்.